காயப்பட்ட குடும்பத்தோடு உட்காருவது எப்படி: சபை ஆலோசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் சண்டை பெரும்பாலும் மூன்று வழிகளில் சபைக்கு வந்து சேருகிறது. ஆராதனை முடிந்ததும் மனைவி போதகரின் மனைவியைத் தனியே அழைத்து அழுவார். அல்லது உபவாச ஜெபத்தில் மாமியார் அதை ஒரு ஜெபக் குறிப்பாக வைப்பார். அல்லது கணவனின் அண்ணன் பைக்கில் வந்து, "ஐயா, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும்" என்று கையோடு கூட்டிப் போவார். மூவரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: இன்றைக்கே இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, கைகளைச் சேர்த்து, ஜெபித்து அனுப்பிவிட வேண்டும்.

புதிதாக வருகிற ஊழியர்கள் சறுக்குவது இங்கேதான். சேர்த்துவைப்பது இந்த வேலையின் கடைசிப் படி. அதை முதல் படியாக்கினால், அடிபடுகிறவர் அடிக்கிறவரோடு ஜெபத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறார். போதகர்கள், பங்குத்தந்தையர், பெண்கள் ஐக்கிய சங்கத்தினர், அன்பியம் என்ற கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுக்களுக்குப் பொறுப்பாளர்கள் என்று இந்த வேலைக்குள் இழுக்கப்படுகிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இவர்களில் யாரும் மனநல மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அதை மறக்காமல் இருந்தால் பாதி விபத்துகள் நடக்காது.

1. அழைப்பை ஏற்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில், இந்தக் குடும்பத்தை நீங்கள் எடுக்கலாமா என்று பாருங்கள். உறவினராக இருந்தால் வேண்டாம். அவர்களிடம் கடன் வாங்கியிருந்தாலோ கொடுத்திருந்தாலோ வேண்டாம். முக்கியமாக, அந்தத் திருமணத்தைப் பேசி முடித்தவர் நீங்களாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். நீங்கள் பார்த்து வைத்த சம்பந்தம் தோற்றது என்று ஒப்புக்கொள்ள உங்கள் மனம் இடம் கொடுக்காது. எப்படியாவது ஒட்டவைக்கத்தான் பார்ப்பீர்கள். வேறொரு சேகரத்து ஊழியரிடமோ பக்கத்துப் பங்கிலோ ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்தது துணை. ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவர் சேர்ந்து இந்த வேலையைச் செய்வது நல்லது. மனைவியிடம் பெண் பேச வேண்டும். ஆண் ஊழியரிடம் சில விஷயங்களை அவர் எந்தக் காலத்திலும் சொல்லமாட்டார். சொன்னாலும், நாளைக்கு அதுவே கணவனின் சந்தேகத்துக்குத் தீனியாகும்.

இடத்தைப் பொறுத்தவரை அவர்கள் வீடு வேண்டாம். காம்பவுண்ட் வீடுகளில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த குடும்பத்தின் காது இருக்கிறது. இந்தப்பக்கம் அடுப்படியில் மாமியார் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் உடை மாற்றும் அறையும் வேண்டாம். யார் அழுதுகொண்டு வெளியே வந்தார் என்பது மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வாரநாளில், ஆட்கள் நடமாடும் வளாகத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படியும் பேச்சு வெளியே கேட்காதபடியும் உள்ள ஓர் அறை போதும்.

நேரத்தை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வேலை செய்கிறவர் விடியுமுன்பே எழுந்துவிடுவார். அவரை மாலை 7 மணிக்கு வரச் சொன்னால் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து, "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுப் போவார். அதைச் சம்மதம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருகிற பெண்ணுக்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் பஸ் கிடைக்க வேண்டும். நேரம் கழித்துப் போனால் அந்தத் தாமதமே அன்றைய சண்டைக்குக் காரணமாகும்.

கடைசியாக, எண்கள். 112 அவசர உதவி. 181 பெண்கள் உதவி எண். 1098 குழந்தைகளுக்கானது. 14416 டெலிமானஸ் மனநல ஆலோசனை. 15100 இலவசச் சட்ட உதவி. இவற்றோடு உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பதற்றமான நேரத்தில் கைபேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

2. இரகசியத்தின் எல்லையை முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்

சபைக்குள் இரகசியம் கசிகிற ஓட்டை ஜெபக் குறிப்புதான். யாரும் அதை வம்பு என்று நினைப்பதில்லை. "பெயர் சொல்லவில்லை, கீழவாசல் பக்கத்துச் சகோதரிக்காக ஜெபியுங்கள், குடும்பத்தில் பிரச்சினை" என்றால் போதும். கேட்கிற முப்பது பேரில் இருபது பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டால் இன்னும் மோசம். ஆகவே விதி இது: ஆலோசனைக்கு வந்த குடும்பம், அவர்களே கேட்டாலொழிய, எந்த ஜெபக் கூட்டத்திலும் பெயரோடோ பெயரில்லாமலோ குறிப்பாகக்கூட வரக்கூடாது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் ஞாயிறன்று குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கமும் வேண்டாம். அவர்களுக்குப் புரியும், பக்கத்து வரிசைக்கும் புரியும்.

அதே நேரத்தில், "என்ன சொன்னாலும் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாத இடங்கள் மூன்று உண்டு. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை. கடைசியில் சொன்னதற்குச் சட்டமே உங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. "குடும்ப மானம்", "சபையின் பெயர்" என்பவை அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது.

கத்தோலிக்க நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை (பாவ அறிக்கையில் கேட்டதை எந்த நிலையிலும் வெளியிடக்கூடாது என்ற கட்டுப்பாடு) வேறு, ஆலோசனை அறை வேறு. இரண்டையும் ஒரே குருவானவர் நடத்தும்போது, வந்தவர் எதில் பேசுகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

3. முதல் சந்திப்பில் இருவரையும் சேர்த்து உட்காரவைக்காதீர்கள்

பயப்படுகிறவர், தான் பயப்படும் ஆளுக்கு முன்னால் உண்மை பேசமாட்டார். இந்தப் படிக்கு இந்த ஒரு காரணமே போதும். கணவன் பக்கத்தில் இருக்கும்போது, "அடிக்கிறாரா?" என்று கேட்டால், "இல்லை ஐயா, கோபத்தில் சத்தம் போடுவார், அவ்வளவுதான்" என்ற பதில் வரும். அதை நம்பி நீங்கள் மேலே போவீர்கள்.

ஆகவே முதலில் தனித்தனியாக, முடிந்தால் வேறு வேறு நாளில் சந்தியுங்கள். "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்கிறது நீதிமொழிகள் 18:17. முதலில் கேட்ட கதைக்குள்ளேயே இரண்டாவது கதையைப் பொருத்திப் பார்ப்பது மனித இயல்பு. நோட்டில் இரண்டு கதைகளையும் தனித்தனிப் பக்கங்களில், அவரவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். உங்கள் தீர்ப்பை எழுத வேண்டாம். பெயருக்குப் பதில் ஓர் எழுத்து போதும். நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துச் செல்லாதீர்கள். "உங்கள் மனைவி சொன்னார், நீங்கள் போன வாரம்..." என்று ஆரம்பித்தால், அன்றிரவு அந்த வார்த்தைக்கான விலையை அவர்தான் கொடுப்பார்.

4. இன்றிரவு ஆபத்து உண்டா என்று கேளுங்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சுற்றி வளைக்காமல், இருவரிடமும் தனித்தனியே, நேராகக் கேளுங்கள். கை நீட்டியதுண்டா? கடைசியாக எப்போது? கழுத்தைப் பிடித்ததுண்டா? கத்தியோ அரிவாளோ காட்டி மிரட்டியதுண்டா? பிள்ளைகள் பார்த்தார்களா? வீட்டை விட்டுப் போனால் என்ன செய்வதாகச் சொல்கிறார்?

கழுத்தை நெரித்தது ஒரு தடவைதான் என்றாலும், தடம் எதுவும் தெரியாவிட்டாலும், அதைப் பெரிய எச்சரிக்கையாக எடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே வீக்கம் ஏற்படலாம். அன்றே அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். கர்ப்பகாலத்தில் அடிப்பது, மனைவி பிரிந்துபோக முடிவெடுத்த நாட்கள், குடியும் சந்தேகமும் ஒன்றாகச் சேர்வது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

மருத்துவமனையில் பல பெண்கள், "படியில் வழுக்கி விழுந்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். கூடப் போகிற சபைப் பெண்ணும் தலையாட்டிவிடுகிறார். அப்படிச் செய்ய வேண்டாம். அங்கே பதிவேட்டில் எழுதப்படும் காரணம்தான் பின்னால் நீதிமன்றத்தில் பேசும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் பிறகு முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் பதிவில் பொய் ஏறக்கூடாது.

ஆபத்து உண்டு என்றால், தம்பதி ஆலோசனை அந்த இடத்திலேயே நிற்கிறது. அதன்பின் வேலை பாதுகாப்பு மட்டுமே. எங்கே தங்குவது, யார் கதவு இரவில் திறக்கும், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவை எங்கே இருக்கின்றன, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், கணவன் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையையும், அவன் நெருங்கக்கூடாது என்ற உத்தரவையும் பெற வழி தருகிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக மனு கொடுக்கலாம். சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் வழி கிடைக்கும். 181ஐ அழைத்தாலே அங்கே சேர்த்துவிடுவார்கள்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்டால் புதிதாக எண்ணம் தோன்றிவிடுமோ என்ற பயம் வீண். பெரும்பாலும் அந்தக் கேள்விதான் அவருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. "ஆம்" என்றால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கட்டும். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். "தற்கொலை பாவம்" என்ற பிரசங்கம் அந்த நேரத்துக்கு உரியதல்ல.

5. கேளுங்கள், நெடுநேரம்

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது. பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். புதிய ஆலோசகர்களிடம் நான் பார்க்கிற பொதுவான குறையும் அதுவே: பத்து நிமிடத்தில் ஒரு வசனம், பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு தீர்வு.

ஆளைப் பற்றிய தீர்ப்பை விடுத்து நிகழ்ச்சியைக் கேளுங்கள். "அவள் அடங்காதவள்" என்று கணவர் சொன்னால், "கடைசியாக அப்படி நடந்த நாளைக் காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். காலையில் என்ன நடந்தது, யார் முதலில் குரல் உயர்த்தினார், அப்போது வீட்டில் யார் இருந்தார், பிள்ளை என்ன செய்தது, இரவு எங்கே படுத்தார்கள் என்று வரிசையாகப் போனால், அவரே எதிர்பார்க்காத இடத்தில் கதை திரும்பும். "அடங்காதவள்" என்பதற்குப் பின்னால், கணவர் தன் தங்கைக்குச் சீர் செய்ய மனைவியின் வளையலைக் கேட்டதும் மனைவி மறுத்ததும் இருக்கும்.

படுக்கையறை விஷயத்தை நம் சபைகளில் யாரும் கேட்பதில்லை. அவர்களாகவும் சொல்லமாட்டார்கள். மனைவியிடம் பெண் ஊழியரும் கணவரிடம் ஆண் ஊழியரும், "உடலுறவில் வலியோ பயமோ விருப்பமின்மையோ இருக்கிறதா?" என்று ஒரு தடவை அமைதியாகக் கேட்டால் போதும். பதில் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம்.

6. முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்

"குடும்பச் சண்டை" என்று வருவதற்குள் நான்கைந்து விஷயங்கள் சிக்கிக் கிடக்கும். அவற்றில் சில ஜெபத்தாலும் பேச்சாலும் மட்டும் அவிழாதவை. எது யாருடைய கைக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதுதான் இந்தப் படியின் வேலை.

குடி

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள் இங்கேதான் உயிருக்கு ஆபத்தாகின்றன.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவரை முழங்காலில் நிறுத்தி, பைபிளின் மேல் கைவைத்து, "இன்றிலிருந்து தொடமாட்டேன்" என்று பொருத்தனை செய்யவைப்பது நம் வழக்கம். அவரும் கண்ணீரோடு செய்வார். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் நேரலாம். இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். வீட்டார் இதைப் "பிசாசின் போராட்டம்" என்று நினைத்து அறையில் பூட்டி ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். அது மருத்துவமனையில் மருந்து கொடுத்துச் சமாளிக்க வேண்டிய நிலை. பொருத்தனைக்கு முன் மருத்துவர். இந்த வரிசையை மாற்றவே கூடாது. அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் அனுப்புங்கள். நிறுத்திய பிறகு பொருத்தனை செய்யட்டும், சாட்சியும் சொல்லட்டும். சாட்சியைக்கூட ஓராண்டு தள்ளிப்போடுவது நல்லது. மேடையில் சாட்சி சொன்னவர் மறுபடி குடித்தால், வெட்கத்தில் சபைப்பக்கமே வரமாட்டார்.

இரண்டாவது தவறு, கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் "குடியை நிறுத்தும் மருந்து" கலப்பது. இப்படிக் கைமாறும் மாத்திரைகளில் ஒரு வகை, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் கடுமையான எதிர்விளைவை உண்டாக்கக்கூடியது. இதயத்தில் கோளாறு உள்ளவருக்கு அது பேராபத்து. சபைப் பெண்களே ஒருவருக்கொருவர் இந்த முகவரியைக் கொடுத்துக்கொள்கிறார்கள். கண்டிப்பாகத் தடுங்கள்.

குடியை விட முயல்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் கூட்டங்களுக்கு அவரை அனுப்பலாம். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் குழுக்கள் தனியே உண்டு. மனைவிக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, நிறுத்தவைப்பதும் உங்கள் கையில் இல்லை. "நீ அன்பாக இருந்தால் அவன் ஏன் டாஸ்மாக் போகிறான்?" என்ற மாமியாரின் கேள்வியைப் பல வருடம் சுமந்துகொண்டு வந்திருப்பார்.

கடன்

இருவரையும் தனித்தனியே ஒரு தாளில் கடன்களை எழுதச் சொல்லுங்கள். தினவட்டி, மகளிர் குழுக் கடன், நகை அடகு, சீட்டு, கைமாற்று எல்லாம் வரட்டும். இரண்டு தாள்களையும் ஒப்பிட்டால், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் அநேகமாகத் தெரிந்துவிடும். சண்டைக்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும். ஆனால் அதை வெளிப்படுத்துவது கடன் வாங்கியவரின் வாயிலிருந்துதான் வர வேண்டும். நீங்கள் போட்டு உடைக்காதீர்கள். அந்தக் கடனை அடைக்கச் சபைப் பணத்தையோ உங்கள் பணத்தையோ கொடுக்கவும் வேண்டாம். அன்றிலிருந்து நீங்கள் ஆலோசகர் இல்லை, கடன் கொடுத்த இன்னொருவர்.

நோய், குழந்தையின்மை, கைபேசி

பிரசவத்துக்குப் பின் தூங்காமல், பிள்ளையைத் தொடாமல், யாரோடும் பேசாமல் இருக்கும் பெண்ணைச் "சோம்பேறி" என்றும் "ஆவி பிடித்தவள்" என்றும் கூட்டி வருவார்கள். மனைவியை ஓயாமல் சந்தேகித்து, அவர் குளிக்கும் நேரத்தைக்கூடக் கணக்கிடும் கணவரை "பாசம் அதிகம்" என்பார்கள். இருவருக்கும் மனநல மருத்துவர் தேவை. ஜெபம் தொடரட்டும், ஆனால், "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்கள் மோசமாகித் திரும்பி வருகிறார்கள்.

குழந்தையில்லாதவர்களை ஒவ்வொரு கூட்டத்திலும் முன்னால் அழைத்து, பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளின் கதை சொல்லி ஜெபிப்பதை நிறுத்துங்கள். இருவரும் பரிசோதனை செய்துகொண்டார்களா என்று மட்டும் கேளுங்கள். மனைவி எல்லாப் பரிசோதனையும் முடித்திருப்பார். கணவர் ஒன்றுகூடச் செய்திருக்கமாட்டார்.

கைபேசியைப் பற்றி ஒரே வரி: நீங்கள் வாங்கிப் பார்க்காதீர்கள், எவ்வளவு வற்புறுத்தினாலும்.

7. வசனமும் ஜெபமும் எப்போது

கிறிஸ்தவ ஆலோசனை என்பதால் வசனம் உண்டு. ஆனால் வசனத்தைக் கையிலெடுக்கும் நேரத்தைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகும், வாயை அடைக்கும் துணியாகவும் ஆகும்.

பெண்ணிடம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22ஐ மட்டும் வாசிப்பது பழக்கமாகிவிட்டது. அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. 25ஆம் வசனம் கணவன் தன்னையே ஒப்புக்கொடுக்கும் அளவுக்கு அன்புகூரச் சொல்கிறது. அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள், அல்லது வாசிக்காதீர்கள். மல்கியா 2:16இல் கர்த்தர் தள்ளிவிடுதலை (மனைவியை விலக்குவதை) வெறுக்கிறார் என்று மேற்கோள் காட்டுகிறவர்கள், அதே வசனம் அடுத்துக் கொடுமையைக் கண்டிப்பதைச் சொல்வதில்லை. கணவரோடு பேசும்போது 1 பேதுரு 3:7ஐ நிதானமாக வாசிக்கலாம்: மனைவியைக் கனப்படுத்தாதவனின் ஜெபம் தடைபடும் என்று அங்கே இருக்கிறது. ஊழியத்தில் முன்னணியில் நிற்கும் கணவர்களிடம் இது வேலை செய்கிறது.

ஜெபிக்குமுன் கேளுங்கள்: "இப்போது ஜெபிக்கலாமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஜெபத்துக்குள் அறிவுரையைக் கடத்தாதீர்கள். "கர்த்தாவே, இந்தச் சகோதரிக்குப் பொறுமையைக் கொடும்" என்பது ஜெபமல்ல, தீர்ப்பு. கணவரோ மனைவியோ வேறு மதத்தினராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அவர் இங்கே வந்தது குடும்பத்துக்காக. மதமாற்றப் பேச்சு எழுந்த மறுகணம் அவர் எழுந்து போவார், போவது நியாயமும்கூட.

8. பெரியவர்களை எப்படிக் கையாள்வது

நம் ஊரில் திருமணம் இரண்டு பேருக்கு நடப்பதில்லை. ஆகவே பெற்றோரை ஒதுக்கிவிட்டு ஆலோசனை நடத்த முடியாது. அதே நேரத்தில் முதல் நாளே இரு வீட்டாரையும் வரவழைத்தால் அது பஞ்சாயத்தாகிவிடும். சீர், செய்முறை, யார் வீட்டு விருந்தில் யாரை மதிக்கவில்லை என்று 10 ஆண்டுப் பழங்கணக்கு வெளியே வரும். பெரியவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லிக் கலைவார்கள். தீர்ப்பில் ஒரு பக்கம் தோற்றிருக்கும். வீட்டுக்குப் போனதும் அந்தத் தோல்விக்கு மறுசண்டை தொடங்கும்.

தம்பதியோடு சில சந்திப்புகள் முடிந்தபின், இரு வீட்டுப் பெற்றோரையும் தனித்தனியே மரியாதையாக அழையுங்கள். மாமியாரை எதிரியாக்காதீர்கள், மகன் கையை விட்டுப் போகிறான் என்ற அவருடைய பயத்தையும் கேளுங்கள். அதன்பின் ஒரேயொரு குறிப்பான காரியத்தைக் கேளுங்கள்: "ஒரு மாதத்துக்கு அவர்கள் சண்டை போட்டால் நீங்கள் அறைக்குள் போகாமல் இருக்க முடியுமா?" என்பதுபோல. தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்ற ஆதியாகமம் 2:24 திருமணத்தன்று வாசிக்கப்பட்ட பகுதிதான். அதை மகனிடம் நினைவுபடுத்துங்கள். தாயிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

வரதட்சணை கேட்டுத் துன்புறுத்துகிறார்கள் என்றால், அது பெரியவர்கள் பேசித் தீர்க்கும் காரியமல்ல. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி அது குற்றம். கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் வருகிறது. தவணை பேசிக் குறைத்துக் கொடுக்கும் தரகராகச் சபை ஆகிவிடக்கூடாது.

9. இப்போது இருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள்

ஆபத்து இல்லை, முடிச்சுகள் உரிய கைகளுக்குப் போயிருக்கின்றன, இருவரும் விருப்பத்தோடு வருகிறார்கள் என்றால் மட்டும் இந்தப் படி.

நாற்காலிகளை எதிரெதிரே போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குப்பின் பேசுவதெல்லாம் களைப்பு. ஒருவர் பேசி முடித்ததும், மற்றவர் பதில் சொல்லுமுன், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீங்கள் கடையிலிருந்து வந்ததும் நான் முகம் பார்த்துப் பேசவில்லை என்பதுதான் உங்கள் வருத்தம், சரியா?" இது முதலில் செயற்கையாகத் தோன்றும். சிரிப்பார்கள். சிரித்தால் நல்லது.

நீங்கள் நீதிபதியாகாதீர்கள். "நீங்களே சொல்லுங்கள் ஐயா, யார் மேல் தப்பு?" என்று இருவரும் உங்களைப் பார்ப்பார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும்படி கேள்வியைத் திருப்பிவிடுங்கள்.

முடிவில் ஒரேயொரு சிறிய உடன்பாடு போதும். அடுத்த வாரத்துக்குள் செய்து முடிக்கக் கூடியதாகவும், செய்தாரா இல்லையா என்று பார்த்ததும் தெரிவதாகவும் அது இருக்க வேண்டும். "அன்பாக இருப்போம்" என்பதை அளக்க முடியாது. "செவ்வாய், வெள்ளி இரவு கைபேசி இல்லாமல் சேர்ந்து சாப்பிடுவோம்", "சம்பளம் வந்த அன்று இருவரும் உட்கார்ந்து செலவு எழுதுவோம்" என்பவை உடன்பாடுகள். அடுத்த சந்திப்பு அதில் தொடங்கட்டும்.

10. மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள்

"மன்னிக்காவிட்டால் கர்த்தர் உன்னை மன்னிக்கமாட்டார்" என்று காயப்பட்டவரை நெருக்குவது எளிது. காயப்படுத்தியவரிடம் கேள்வி கேட்பது கடினம். பெரும்பாலோர் எளிதானதைச் செய்கிறார்கள்.

மன்னிப்பது வேறு, மறுபடி நம்புவது வேறு. முதலாவது காயப்பட்டவருக்கும் தேவனுக்கும் இடையில், அவருடைய நேரத்தில் நடக்கும். இரண்டாவதற்கு மற்றவர் நடத்தையால் விலை கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு மனந்திரும்பியபோது அழவில்லை; அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்றான் (லூக்கா 19:8). அதையே அளவாக வையுங்கள். மனைவியின் நகையை அடகு வைத்தவர் திருப்பிக் கொண்டுவந்தாரா? வேறு தொடர்பு வைத்திருந்தவர் அதை முறித்து, கேட்கிற கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்கிறாரா? அடித்தவர், "அவள் என்னைத் தூண்டினாள்" என்பதை விட்டுவிட்டு, "நான் அடித்தேன்" என்று சொல்கிறாரா? ஆலயத்தில் விழுந்து அழுததைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஞாயிறு அழுது செவ்வாய் அடிப்பவர்கள் உண்டு.

11. பிரிந்திருக்க நேர்ந்தால்

பிரிவைப் பற்றிப் பேசினாலே பாவம் என்று நினைக்கும் ஊழியர்களுக்கு: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே 1153ஆம் எண்ணில், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ மனதாலோ பெரும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது.

சட்டத்தை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. தவறாகச் சொல்லாமல் இருந்தால் போதும். கிறிஸ்தவர்களின் மணமுறிவு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தின்கீழ் வருகிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் கொடுமை என்ற காரணத்துக்காகவே மனைவியும் வழக்குத் தொடரலாம். இருவரும் சம்மதித்து மனு செய்ய 10ஏ பிரிவும் வந்தது. சபைத் தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் அது நாட்டுச் சட்டப்படி மணமுறிவு ஆகாது. 2017இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. இந்த வித்தியாசம் தெரியாமல் மறுமணம் செய்து வழக்கில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜீவனாம்சத்துக்கு மணமுறிவு வரை காத்திருக்கத் தேவையில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்.

பிரிந்திருப்பவரைச் சபைப் பொறுப்பிலிருந்தோ பாடகர் குழுவிலிருந்தோ நீக்கும் வழக்கத்தைப் போதகரிடம் பேசி நிறுத்த முயலுங்கள். வீடு போனவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு வரிசைதான்.

12. எப்போது முடிப்பது

வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சிறு சண்டைக்கும் இரவு 11 மணிக்கு உங்கள் கைபேசி ஒலிக்கும். அவர்கள் தாங்களே பேசிக்கொள்ளக் கற்கவேமாட்டார்கள். அவசரம் எது, அடுத்த சந்திப்புவரை பொறுக்கக்கூடியது எது என்று முன்னரே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் வருவதை நிறுத்திவிட்டால், மற்றவரோடு மட்டும் தொடரலாம். ஆனால் அது அவருடைய தனிப்பட்ட ஆலோசனை என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். வராதவரின் குணத்தை வந்தவரோடு உட்கார்ந்து அலசும் கூட்டமாக அது மாறிவிடக்கூடாது. இருவருமே வராவிட்டால் ஒரு தடவை அழைத்து, கதவு திறந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்துங்கள். துரத்தாதீர்கள்.

நீங்களும் மாதம் ஒருமுறை, இந்த வேலையில் மூத்த ஒருவரோடு, பெயர்களைச் சொல்லாமல், என்ன செய்தீர்கள் என்று பேசிப் பாருங்கள். ஊர் மாறிப் போகும்போது, நோட்டுகளை அடுத்த ஊழியரிடம் ஒப்படைக்காதீர்கள். தொடர்ந்து வர விரும்பும் குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் புதியவருக்கு நேரில் அறிமுகப்படுத்துங்கள். நீதிமன்ற வழக்கு நடக்கும் குடும்பத்தின் குறிப்புகளை என்ன செய்வது என்று வழக்கறிஞரைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். மற்ற நோட்டுகளை எரித்துவிடுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.